பனியில் ஒரு வீட்டை இழுத்து வந்தது

1

நேற்று மத்தியானம் நல்ல பனி. சாப்பிட்டுக்கொண்டிருந்த என் மகள் ஜெயா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, நாம இங்கன வந்து ஒரு வருஷம் ஆயிட்டு, தெரியுமா?" என்றாள். எனக்குத் தெரியும். காலையிலேயே காலண்டரைப் பார்த்து வைத்திருந்தேன். ஆனாலும், "அப்படியா?" என்று கேட்டுவிட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டேன்.

நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குச் சக்கரம் உண்டு. இருபத்தெட்டு அடி நீளம், எட்டடி அகலம், அடியில் நான்கு சக்கரம், முன்னால் இரும்பு மூக்கு. உள்ளே அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் இருக்கும். மூக்கை ஒரு வண்டியின் பின்னால் மாட்டினால் வீடு கிளம்பிவிடும். இதை இங்கே டிரெய்லர் என்கிறார்கள். "நாங்கள் இப்போது டிரெய்லரில் இருக்கிறோம்" என்று சங்கரன்கோவிலில் இருக்கும் என் தம்பிக்கு எழுதினேன். அவனுக்குத் தெரிந்த டிரெய்லர், டிராக்டருக்குப் பின்னால் எரு அடிக்கிற டிரெய்லர்தான். ஒரு மாதம் கழித்து அவனிடமிருந்து ஏர்மெயில் வந்தது. "அண்ணே, அங்கே அவ்வளவு கஷ்டம் என்றால் பேசாமல் ஊருக்கு வந்துவிடுங்கள். மேலே கூரையாவது போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டிருந்தான். கிரேஸ் அதை வாசித்துவிட்டு இரண்டு நாள் சிரித்தாள். கிரேஸ் என் மனைவி.

தம்பிக்கு விளக்கி எழுத உட்கார்ந்ததுதான் இந்தக் குறிப்பு. கடிதத்தில் அடங்கவில்லை. எங்கள் சபையார் நடத்தும் பத்திரிகைக்கு அனுப்பினால் தம்பியும் படிப்பான், மற்றவர்களும் படிப்பார்கள் என்று கிரேஸ் சொன்னாள். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். நாலு பேர் கூடுகிற இடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து பழகியவன். பேசச் சொன்னால் வராது. எழுதுவது கொஞ்சம் சௌகரியமாக இருக்கிறது.

2

கனடாவுக்கு முதலில் வந்தவள் கிரேஸ்தான். அவள் நர்ஸ். இந்த நாட்டுக்கு நர்ஸுகள் தேவைப்பட்டார்கள். நான் சங்கரன்கோவிலில் ஒரு பருத்தி அரவை மில்லுக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். லாரி டிரைவர்கள் இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவள் எங்களைக் கூப்பிட்டுக்கொண்டாள். அப்போது ஜெயாவுக்கு ஒன்பது வயது. விமான நிலையத்தில் கிரேஸ் இரண்டு பெரிய கோட்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்கப்புறம் ரொம்ப நாள், எந்தக் கதவாக இருந்தாலும் அவள் திறப்பாள், நாங்கள் பின்னால் போவோம்.

நகரத்தில் ஆறு வருஷம் இருந்தோம். எனக்கு ஒரு பலகைக் கம்பெனியில் வேலை கிடைத்தது. மரத்தை அடுக்குவது, எடுப்பது. ஜெயா பள்ளிக்கூடம் போனாள். முதல் வருஷம் என்னிடம் தமிழில் கேட்டு, தமிழில் பதில் வாங்கினாள். மூன்றாவது வருஷம் நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். ஐந்தாவது வருஷம் அவள் தோளைக் குலுக்குவாள். கோபம் ஒன்றும் இல்லை. அவளுடைய பேச்சு எல்லாம் வெளியே செலவாகி, வீட்டுக்கு வரும்போது தீர்ந்துபோயிருக்கும்.

போன வருஷம் கிரேஸுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை வந்தது. நாங்கள் இருந்த இடத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டர். அவள் செப்டம்பரிலேயே போய்ச் சேர்ந்தாள். பக்கத்தில் புதிதாகச் சுரங்கம் தோண்டுகிறார்களாம். அந்த ஊரில் வாடகைக்கு ஒரு அறைகூட இல்லை. ஆஸ்பத்திரி விடுதியில் அவளுக்கு நவம்பர் கடைசி வரைதான் இடம்.

அப்போதுதான் ஜெயா தன் திட்டத்தைச் சொன்னாள். அவளோடு படிக்கிற ஒரு பெண்ணின் வீட்டில் மாடியறை சும்மா இருக்கிறது, அந்தப் பெண்ணின் அம்மா கூப்பிடுகிறார், அங்கே தங்கிப் படிப்பை முடித்துக்கொள்கிறேன் என்றாள். அவளுக்குப் பதினைந்து வயது. ஊரில் என்றால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது. கிரேஸ் போனில் அழுதாள். பிறகு ஒரு முடிவு சொன்னாள்.

"இந்த நவம்பர் முடியதுக்குள்ள நமக்குன்னு ஒரு வீடு இங்கன வந்துட்டுன்னா அவ எங்கூட இருக்கட்டும். இல்லன்னா அந்த மாடியறைக்கே போகட்டும். வீடில்லாத ஊருக்கு வான்னு எந்த வாயால சொல்லுவேன்?"

ஜெயாவும் சம்மதித்தாள். நான் வீட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் மூன்று பேரும் ஒன்றாக இருப்போம். சேர்க்காவிட்டால் மகள் இனிமேல் விடுமுறைக்கு வந்துபோகிறவள். இதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. பழைய டிரெய்லர் ஒன்றைப் பேசி முடித்தேன். ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர், கோடைக்காலத்தில் ஏரிக்கரைக்கு இழுத்துப்போய் வந்ததை விற்றார்.

3

டிரெய்லரைப் பதிவு செய்ய அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். முதல் கவுண்டரில் இருந்த அம்மா விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "இது வாகனமா, குடியிருப்பா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். இரண்டும் என்று எழுத இடம் கிடையாது என்றார். குடியிருப்பு என்றேன். அப்படியானால் பக்கத்துக் கவுண்டர். பக்கத்துக் கவுண்டர்காரர், "இது எந்த நிலத்தில் நிற்கிறது?" என்றார். இன்னும் நிற்கவில்லை, இழுத்துப்போகப் போகிறேன் என்றேன். "அப்போது வாகனம்" என்று முதல் கவுண்டரைக் காட்டினார். நான் இப்படியும் அப்படியுமாக மூன்று தடவை நடந்தேன். கடைசியில் ஜெயா பள்ளிக்கூடம் விட்டு வந்து இரண்டே நிமிஷத்தில் முடித்தாள். என்ன சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. கவுண்டர் அம்மா சிரித்தார். நம்பர் பலகை கைக்கு வந்தது.

லைசென்ஸ் கதையும் இதே மாதிரிதான். பதினான்கு வருஷம் லாரி ஓட்டினேன். கோவில்பட்டிக்கும் ராஜபாளையத்துக்கும் பருத்திப் பொதி ஏற்றிப் போயிருக்கிறேன். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு ஆள்மேல் படாமல் லாரியை வெளியே எடுத்திருக்கிறேன். இங்கே வந்து பரீட்சை எழுதி, பக்கத்தில் ஒரு பையன் வயசுக்காரர் உட்கார்ந்து குறிப்பெடுக்க, காரை வளைத்து நிறுத்திக் காட்டித்தான் லைசென்ஸ் வாங்கினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "பனியில் ஓட்டியிருக்கிறீர்களா?" இல்லை. "அப்படியானால் ஓட்டத் தெரியும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்."

அப்போது கோபம் வந்தது. இப்போது இல்லை.

4

புறப்படுவதற்கு முந்தின நாள் சாமான் ஏற்றினோம். உதவிக்கு வந்தவர் சாமுவேல் அண்ணாச்சி. வாசுதேவநல்லூர்க்காரர். அவர் அப்பாவுக்கு அங்கே பஸ் நிற்கிற இடத்தில் பலசரக்குக் கடை. இவர் இந்த நகரத்தில் வெல்டிங் வேலை. நகரத்தில் எனக்கு வாய்விட்டுப் பேச இருந்த ஒரே ஆள்.

"வே, ஊருல எல்லாரும் வீட்டப் பூட்டிட்டுப் போவாவ. நீரு வீட்டையே கட்டி இழுத்துட்டுப் போறீரு. நல்லா இருக்குவே உம்ம கூத்து."

"பேசாம மூட்டையப் பிடிங்க அண்ணாச்சி."

நாலு மூட்டை அரிசி, கிரேஸின் கால் தையல் மெஷின், அவள் புத்தகப் பெட்டிகள் மூன்று, ஸ்பானர் சுத்தியல் எல்லாம் கிடக்கிற என் ஆயுதப் பெட்டி, பாத்திரங்கள். கனமான சாமான் எல்லாவற்றையும் வாசல் பக்கமாக, முன் மேசைக்கு அடியில் வைத்தோம். பிறகு டிரெய்லர் மூக்கை என் பிக்கப் வண்டியின் பின்னால் இறக்கினேன். பிக்கப் என்றால் முன்னால் மூன்று பேர் உட்கார ஒரே இருக்கை, பின்னால் திறந்த பெட்டி. மூக்கு இறங்கியதும் பிக்கப்பின் பின்பக்கம் ஒரு சாண் அமுங்கிவிட்டது. முகப்பு மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

அதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. காரணம் உண்டு. லாரிக்கு வருமுன் எங்கள் வீட்டில் மாட்டுவண்டிதான் பிழைப்பு. குருவிகுளம் பக்கத்துக் கரிசலில் விளைகிற பருத்தியைச் சங்கரன்கோவில் மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவோம். வண்டியில் முன்பக்கம் கனம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். புண் வந்துவிடும். எங்கள் பக்கத்தில் ஒருவன் முன்பாரமாக ஏற்றிக்கொண்டு வந்தால் வழியில் போகிறவர்கள்கூட நிறுத்தித் திட்டுவார்கள். "அது வாயில்லாச் சீவம்லா, ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?" என்பார்கள். மாட்டின் கழுத்துக்கு ஒரு பொதியைப் பின்னால் தள்ளிப்போடுவது எங்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

அமுங்கி நின்ற பிக்கப்பைப் பார்த்ததும் என் கை தானாகவே அந்தக் கணக்கைப் போட்டது.

"அண்ணாச்சி, முன்பாரம் ஜாஸ்தி. எல்லாத்தையும் கடைசிக் கட்டிலுக்கு அடியில தள்ளுவோம்."

ஜெயா படியில் உட்கார்ந்து, டிரெய்லரை விற்றவர் கொடுத்த சின்னப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே இங்கிலீஷில்தான் சொன்னாள்: "கனம் முன்னாலதான் இருக்கணும்னு போட்டிருக்கு. மொத்தக் கனத்துல பத்துல ஒரு பங்குக்குக் குறையாம மூக்கு மேல நிக்கணுமாம்."

"அது கோடைக்கு எழுதினதா இருக்கும்."

"அமுங்கினா இந்தச் சங்கிலிய இறுக்கணுமாம். சாமானை நகத்தக் கூடாதாம்."

மூக்கின் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை ஒன்று உண்டு. அதன் முனையில் சங்கிலி. எத்தனையாவது கண்ணியில் மாட்டுகிறோமோ அதற்குத் தக்க பட்டை விறைத்து, கனத்தைப் பிக்கப்பின் முன்சக்கரத்துக்குப் பகிர்ந்து கொடுக்கும். இதெல்லாம் இன்று எனக்குத் தெரியும். அன்று அது அலங்காரம் என்று நினைத்தேன்.

"ஏட்டி, நான் நீ பொறக்கும் முன்னாலேயே பாரம் ஏத்தினவன்" என்றேன்.

அவள் தோளைக் குலுக்கினாள். புத்தகத்தை மூடவில்லை.

எல்லாவற்றையும் பின்னால் கொண்டுபோனோம். பிக்கப் நிமிர்ந்து, மட்டமாக நின்றது. சாமுவேல் அண்ணாச்சி தூரப் போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இப்பம்தாம்வே பாக்க லெச்சணமா இருக்கு."

இரண்டு அனுபவசாலிகள் சேர்ந்து அந்தத் தப்பைச் செய்தோம்.

மற்ற காரியங்களைச் சரியாகத்தான் செய்தேன். தண்ணீர்க் குழாய்களை வடித்தேன், இல்லாவிட்டால் உறைந்து வெடிக்கும். காஸ் சிலிண்டரை மூடினேன். கூரைமேல் ஏறி ஒரு முழப் பனியைத் தள்ளினேன். அது கனம் மட்டும் இல்லை, ஓடும்போது பாளமாகப் பெயர்ந்து பின்னால் வருகிறவன் கண்ணாடியில் விழும். பிக்கப்பின் பெட்டியில், பின்சக்கரத்துக்கு நேர் மேலே மணல் மூட்டைகள் போட்டேன். குளிரில் டயர்க் காற்று குறையும் என்பதால் காலையில் மறுபடி பார்த்தேன். பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினேன். சாமுவேல் அண்ணாச்சி விடியும்போதே வந்து, பிக்கப்பின் எஞ்சின் மூடியில் கை வைத்து ஜெபம் பண்ணினார். "கர்த்தாவே, இந்த மனுஷனுக்குக் கொஞ்சம் புத்தியும் குடும்" என்று முடித்தார். ஜெயா சிரித்துவிட்டாள். பிறகு வழியில் எனக்குக் கிடைத்த உதவி அந்த வேண்டுதலின்படிதான் வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

5

எட்டு மணிக்குக் கிளம்பினோம். வானம் தெளிவாக இருந்தது. பனி இரண்டு நாளுக்கு முன் விழுந்தது. ரோட்டைச் சுரண்டி உப்புப் போட்டிருந்தார்கள். இருபுறமும் வெட்டவெளி. மேலநீலிதநல்லூர்ப் பக்கம் கோடையில் காடு காய்ந்து கிடக்கும்போது இப்படித்தான் கண்ணுக்கெட்டிய மட்டும் ஒன்றும் இருக்காது. நிறம்தான் வேறு.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகப் போயிற்று. ஐம்பதில் தொடங்கி அறுபதுக்கு வந்தேன். ஜெயா வலதுபக்க ஜன்னலில் சாய்ந்திருந்தாள். எங்களுக்கு நடுவில், மீட்டர்கள் இருக்கிற முன்பலகைக்குக் கீழே, ஒரு சின்னக் கைப்பிடி இருந்தது. டிரெய்லர் சக்கரங்களுக்கு மின்சாரத்தில் ஓடும் தனி பிரேக் உண்டு. காலால் பிரேக் போட்டால் அதுவும் சேர்ந்து பிடிக்கும். அந்தக் கைப்பிடியை நகர்த்தினால் டிரெய்லரை மட்டும் பிடிக்கும். விற்றவர் அதைப் பொருத்திக் கொடுத்தபோது, காலால் ஒரு பிரேக் இருக்கும்போது கையால் இன்னொன்று எதற்கு என்று நான் நினைத்தேன்.

வண்டி சீராகப் போகிறதே என்று எனக்குத் தைரியம் வந்தது. எழுபது. பிறகு எண்பது. லேசாக மூக்கு ஆடுவது ஸ்டீயரிங்கில் தெரிந்தது. காற்று என்று விட்டுவிட்டேன்.

ஒரு இறக்கம் வந்தது. கீழே ஆறு, அதன்மேல் பாலம். இறக்கத்தின் நடுவில் பெரிய சரக்கு லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. அது தாண்டும்போது அதன் காற்று முதலில் எங்களைத் தள்ளியது, பிறகு இழுத்தது. டிரெய்லரின் பின்பக்கம் ஒருமுறை இடதுபக்கம் போயிற்று. பிறகு வலதுபக்கம். மூன்றாவது தடவை அது போன தூரத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். எங்கள் வீட்டின் பக்கச்சுவர் முழுசாகத் தெரிந்தது. அத்தனை கனமும் வாலில் இருக்க, வால் ஆட, பிக்கப் அதன் பின்னால் இழுபட்டுப் போனது.

லாரி ஓட்டியவன் கால் என்ன செய்யுமோ அதைச் செய்தது. பிரேக்கை மிதித்தேன். அடியில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி. பிக்கப்பின் சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. பின்னாலிருந்து வீடு எங்களைத் தள்ளியது. பாலத்தின் கம்பி வேலி எனக்கு நேராக வந்தது.

"அப்பா, கால எடுங்க! பிரேக்குல இருந்து கால எடுங்க!"

நான் எடுத்தேன். அவள் கத்தியது தமிழில். அதனால்தான் எடுத்தேனோ என்னவோ. அதே நேரத்தில் அவள் கை அந்தக் கைப்பிடியைப் பிடித்து ஓரமாக நகர்த்தியது. ஒரேயடியாக இல்லை, கொஞ்சம், கொஞ்சம். பின்னால் யாரோ டிரெய்லரின் வாலைப் பிடித்து நிறுத்துவது போல இருந்தது. அது ஒருமுறை ஆடியது, அதைவிடக் குறைவாக இன்னொரு முறை. பிறகு எங்கள் பின்னால் நேராக வந்தது. பாலத்தை முப்பதில் கடந்தோம். நான் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

6

பாலத்துக்கு அப்பால் தானியக் கிடங்கு ஒன்று. முன்னால் பெரிய மைதானம். அங்கே ஒதுக்கி நிறுத்தினேன். எஞ்சினை அணைத்துவிட்டுச் சொன்னேன்.

"திரும்பிப் போயிருவோம் மக்கா. எனக்கு முடியாது."

சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கே எட்டியது. திரும்பினால் இந்த மாதத்துக்குள் வீடு போய்ச் சேராது. மாடியறை காத்திருக்கிறது. அவள் கேட்டது கிடைத்துவிடும். "சரிப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது, ஏனென்றால் தோற்றது நான்.

அவள் கையுறையை மாட்டினாள். கதவைத் திறந்து இறங்கினாள். டிரெய்லர் கதவை இழுத்துத் திறக்கிற சத்தம் கேட்டது.

நான் போய்ப் பார்த்தபோது, கட்டிலுக்கு அடியிலிருந்து முதல் அரிசி மூட்டையை அவள் தரையோடு இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு விரற்கடை தூரம்கூட நகரவில்லை. முகம் சிவந்திருந்தது.

"பாத்துட்டே நிக்கீங்க? பிடிங்கப்பா!"

பிடித்தேன். நாலு மூட்டையையும் முன்னால் கொண்டுவந்தோம். தையல் மெஷினை இருவரும் தூக்கி வாசலுக்குப் பக்கத்தில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினோம். புத்தகப் பெட்டி, ஆயுதப் பெட்டி, பாத்திரம். குளிர் மைனஸ் பதினெட்டு. கோட்டுக்குள் வேர்த்தது.

"எதுக்குப்பா எல்லாத்தையும் பின்னால போட்டீங்க? புத்தகத்துல எழுதினது தப்புன்னா நெனச்சீங்க?"

மாட்டின் கழுத்தைப் பற்றிச் சொன்னேன். நுகத்தடி, புண், வழியில் போகிறவர்கள் திட்டுவது எல்லாம் சொன்னேன். அவளுக்கு அதெல்லாம் தெரியாது. அவள் பிறக்கும்போது எங்களிடம் வண்டி இல்லை. கையில் மூச்சை ஊதிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப நீங்க பிக்கப்புக்கு வலிக்கும்னு நெனச்சீங்க."

"அப்படித்தான் வச்சுக்கோயேன்."

அவள் சிரித்த சிரிப்பில் கிடங்கிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்து, "அதுக்குக் கழுத்து கெடையாதுப்பா" என்றாள். நானும் சிரித்தேன்.

பிறகு புத்தகத்தைப் பிக்கப்பின் மூடியில் விரித்துவைத்து அவள் வாசிக்க வாசிக்க நான் செய்தேன். கனம் முன்னால் வந்ததும் பிக்கப் மறுபடி அமுங்கியது. இந்தத் தடவை சாமானைத் தொடவில்லை. மூக்கின் ஜாக்கியைச் சுற்றி இரண்டையும் சேர்த்து உயர்த்தி, சங்கிலியை இரண்டு கண்ணி இறுக்கி மாட்டினேன். ஜாக்கியை இறக்கியதும் பிக்கப் மட்டமாக நின்றது. மின்சார இணைப்பில் உப்புத்தண்ணீர் உறைந்திருந்ததைத் துடைத்தேன். பின்விளக்குகளை மூடியிருந்த பனியைச் சுரண்டினேன். இது எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் என்னோடு பேசியது, அதற்கு முந்தின ஒரு வருஷத்தில் பேசியதைவிட அதிகம். பாதி என்னைத் திட்டியதுதான். இருக்கட்டும்.

திரும்பிப் போகிற பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது என்றைக்காவது பனியில் ஒரு வீட்டை இழுக்க நேர்ந்தால் சொல்லிவைக்கிறேன். கனம் முன்னால் இருக்கட்டும். அறுபதைத் தாண்டாதீர்கள். பெரிய லாரி தாண்டும்போது வேகத்தை முன்கூட்டியே குறையுங்கள். ரோடு உறைவதற்கு முன்பே பாலம் உறையும், ஏனென்றால் அதன் அடியிலும் காற்று. இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். வால் ஆடினால் காலை எடுங்கள், டிரெய்லரை மட்டும் கையால் பிடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிச் சுற்றிப் பாருங்கள். புத்தகத்தை யாராவது வாசித்துச் சொன்னால் கேளுங்கள்.

7

மீதி தூரத்தில் இரண்டு தடவை சரக்கு லாரிகள் எங்களைத் தாண்டின. ஒவ்வொரு தடவையும் ஜெயாவின் கை அந்தக் கைப்பிடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. தேவைப்படவில்லை. டிரெய்லர் இம்மி அசையாமல் பின்னால் வந்தது. மத்தியானத்துக்கு மேல் பனி தூறத் தொடங்கியது. நான் ஐம்பதுக்கு இறங்கினேன். எங்கள் பின்னால் ஏழெட்டுக் கார்கள் சேர்ந்துவிட்டன. எப்போதும் அப்படி யாரையாவது காக்க வைத்தால் கூச்சத்தில் எனக்குக் கழுத்து வேர்க்கும். அன்று வேர்க்கவில்லை. அகலமான இடம் வந்தபோது ஒதுங்கி வழிவிட்டேன். ஒருவர் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால், வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் நுழைந்தோம். டிரெய்லர்கள் நிற்கிற மைதானம் ஆஸ்பத்திரிக்கு எதிரில். எங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் பனியை வழித்து வைத்திருந்தார்கள். பின்னோக்கி ஏற்றி நிறுத்த நாலு தடவை முன்னும் பின்னும் போனேன். ஜெயா வெளியே நின்று, "ஒடிங்க, ஒடிங்க, போதும்!" என்று நம் ஊர் கண்டக்டர் மாதிரி கத்தினாள்.

கிரேஸ் டியூட்டி உடையோடு, கோட்டைக்கூடப் போடாமல், ரோட்டைத் தாண்டி ஓடி வந்தாள். பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள், ஜெயாவைப் பார்த்தாள். அப்புறம் வீட்டின் முழு நீளத்தையும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தாள்.

"வழியில ஒண்ணும் ஆகலையே?"

நான் வழக்கமாகத் தரையைப் பார்ப்பேன். ஜெயாதான் பதில் சொல்வாள். அன்று ஜெயா வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டியது என் வேலை என்று விட்டுவிட்டாள்.

"ஆச்சு" என்றேன். "பாரத்தப் பின்னால ஏத்திட்டேன். பாலத்துல இருந்து கீழ விழப் பாத்தோம். இவதான் பிடிச்சா."

கிரேஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயாவின் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்து அழுத்தினாள். என் கோட்டுக் கையைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள். திட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவள் உடம்பு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் டிரெய்லர் படியை இறக்கினேன். பூட்டில் பனி உறைந்திருந்தது. சாவியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கித் திருப்பினேன். கதவு திறந்தது. இந்த நாட்டில் இத்தனை வருஷத்தில் அவளுக்காக நான் ஒரு கதவைத் திறந்ததே இல்லை.

"உள்ள வா" என்றேன்.